உப்பில்லாக் கீரையும் ஊர்வழிச் சோறும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் அடுப்பங்கரைக்கு ஒரு தனி மவுசு வந்துவிடுகிறது. வெளியே அடைமழை. கொடியில் போட்ட துணி நாலு நாளாகக் காயவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டா இல்லையா என்று பிள்ளைகள் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே மிளகு ரசம் கொதிக்கிறது. தூதுவளைத் துவையல் அரைபடுகிறது. தீபாவளி மருந்து ஒரு பக்கம் கிளறப்படுகிறது. வெயில் காலத்தில் "இன்று என்ன சமையல்?" என்று கேட்கக்கூடத் தோன்றாதவர்களெல்லாம் இந்த இரண்டு மாதங்களில் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் காலம் என்று பெயர் வைத்தார்கள். கூதிருக்கும் பசிக்கும் அப்படி ஒரு பந்தம்.

பத்து நாள் வீட்டுச் சாப்பாட்டில் சொக்கியிருந்த பின் ஒரு மாலை மழை விடும். உடனே, "எங்கேயாவது வெளியில் போய்ச் சாப்பிட்டால் என்ன?" என்று ஒரு குரல் எழும். யார் குரல் என்று தெரியாது. ஆனால் குடும்பமே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுப் பெரியவர் மட்டும் முணுமுணுப்பார்: "எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது. வீட்டில் சமைத்தோம், வீட்டில் சாப்பிட்டோம். ஓட்டல் என்பது இப்போது வந்த வியாதி."

ஓட்டல் பிற்காலத்தில் வந்ததுதான். ஆனால் குடும்பத்தோடு வெளியே கிளம்பி, ஊருக்கு ஒரு வகையாகச் சாப்பிட்டுக்கொண்டே போகிற வழக்கம் மிகப் பழையது. அதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. சாட்சி சொல்பவர் மரக்காணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். பெயர் நத்தத்தனார்.

சென்னையிலிருந்து கடலோரச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். திடீரென்று மரங்கள் விலகும். சாலைக்கு இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரப்புக் கட்டிய பாத்திகள். நெல்வயல் என்று முதலில் தோன்றும். பச்சை இல்லாததால் சந்தேகம் வரும். அங்கங்கே வெள்ளை அம்பாரங்களைக் கண்டதும் உப்பளம் என்று புரியும். அதற்குச் சற்று வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கும் நிலத்துக்கு இடைக்கழி நாடு என்று பெயர். அந்த நாட்டு நல்லூரைச் சேர்ந்தவர் நத்தத்தனார். அவர் பாடியது சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, மொத்தம் 269 அடி. உ.வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளோடு போராடிப் பத்துப்பாட்டை 1889இல் அச்சேற்றினார். அதனால்தான் நானும் நீங்களும் இந்தச் சாட்சியை விசாரிக்க முடிகிறது.

ஆற்றுப்படை என்றால் வழிகாட்டுவது. ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனைக் கண்டு, "நான் போன இடத்துக்கு நீயும் போ, இன்ன வழியாகப் போ, வழியில் இன்னது கிடைக்கும்" என்று சொல்வது. இந்தப் பாட்டில் வள்ளலின் பெயர் நல்லியக்கோடன். ஓய்மாநாட்டுத் தலைவன். அவன் இருந்த கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு சேர்ந்த பகுதி. மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அந்தச் சின்ன வட்டாரத்துக்குள்தான் கதை முழுவதும் நடக்கிறது.

பரிசு பெற்ற பாணன் முதலில் தன் வீட்டுச் சமையலைப் பற்றிச் சொல்கிறான். இலக்கியத்தில் விருந்து வருணனைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இப்படி ஓர் அடுப்பங்கரையை நான் வேறெங்கும் படித்ததில்லை. அடுப்பு எரிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பால் வற்றிப்போன மடியை அவை இழுக்கின்றன. தாய் வலி பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது. கட்டுத் தளர்ந்த கூரை. கறையான் அரித்த பழஞ்சுவர். அந்தப் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. காளான் பூத்தது என்றால் மழை ஈரம் இருந்தது என்றுதானே அர்த்தம்? நம் வீட்டில் மிளகு ரசம் கொதிக்கிற அதே பருவமாக இருக்கலாம்.

பசியால் இடுப்பு ஒடிந்துவிடும் போலிருக்கிறது அந்த வீட்டுப் பெண்ணுக்கு. குப்பை மேட்டுக்குப் போகிறாள். அங்கே தானாக முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வருகிறாள். வேகவைக்கிறாள். போடுவதற்கு உப்பில்லை. வெந்ததைச் சுற்றத்தார் எல்லோரோடும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு முன் ஒரு காரியம் செய்கிறாள்: எழுந்து போய் வாசற்கதவைச் சாத்துகிறாள். வறுமை யாருக்கும் வரும் என்பது தெரியாதவர்கள் பார்த்துவிட்டுப் பேசுவார்களே என்ற கூச்சம்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இங்கே பழமொழி தலைகீழாக நிற்கிறது. குப்பையிலிருந்து வந்த பண்டம் உப்பில்லாமல் வாய்க்குப் போகிறது. அந்த மனுஷி சாத்திய கதவை நினைத்தால் எனக்கு வீட்டுச் சமையலின் பெருமையைப் பற்றிப் பேச நா எழுவதில்லை. வீட்டுச் சமையல் என்று நாம் கொண்டாடுவது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமைக்க முடிந்தவர்களின் சமையல்.

இனி வெளிச் சாப்பாடு. பாணன் சொல்லும் வழியில் முதல் ஊர் எயிற்பட்டினம். மதில் சூழ்ந்த துறைமுகம். எயில் என்றால் மதில். சோ என்றாலும் மதில்தான். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற நூல் இந்தக் கரையில் சோபட்மா என்று ஒரு துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே, அது இன்றைய மரக்காணமே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றனவாம். அந்த வாசனை மரந்தான் அங்கே அடுப்பு விறகு. நுளையர் வீட்டுப் பெண் வடித்த பழைய தேறலைப் பரதவர்கள் வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். கூடவே உலர்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுக்கிறார்கள், ஒரு வீட்டில் மட்டுமல்ல, போகிற இடந்தோறும். பாட்டு அந்த இடத்தில் உப்பைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. கடற்கரையில் உலர்ந்த மீனுக்கு உப்பு உண்டா என்று கேட்க வேண்டுமா, என்ன? உப்பில்லாக் கீரை தின்ற குடும்பத்துக்கு வழியில் முதல் சாப்பாடு உப்புக் கரையில் கிடைக்கிறது.

அடுத்த ஊர் வேலூர். வட ஆர்க்காட்டு வேலூர் என்று நினைத்துவிடாதீர்கள். மரக்காணத்தை அடுத்த வட்டாரத்தில் உப்புவேலூர் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. அதுதான் என்று சொல்வோர் உண்டு. அங்கே வேட்டுவர் குடிசைகள், வெயிலில் காய்ந்து கிடக்கின்றன. எயிற்றியர் சமைத்த இனிய புளிச்சோறு சுடச்சுடக் கிடைக்கிறது. தொட்டுக்கொள்ளக் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சி. மூன்றாவது ஊர் ஆமூர். மருத நிலம். உலக்கையின் இரும்புப் பூண் தேயும்படி குற்றித் தீட்டிய அரிசி; அதில் வடித்த வெள்ளைச் சோற்றுத் திரள்; அதோடு நண்டுக் கலவை. உழவர் வீட்டுப் பெண் தன் பிள்ளைகளை விட்டு வழிப்போக்கர்களைத் தடுத்து நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறாள். சின்னப் பிள்ளை வழியை மறித்துக்கொண்டு நின்றால் யாருக்கு நடக்க மனம் வரும்?

கடைசியில் கிடங்கில். அரண்மனைச் சமையல் வீமன் செய்த மடைநூலின் முறை தவறாமல் நடக்கிறது என்கிறார் புலவர். அப்படி ஒரு சமையல் நூல் உண்டு என்று அன்றைக்கே பேச்சு இருந்திருக்கிறது. பலவகை உணவைப் பொற்கலத்தில் வைத்து, விருந்தினன் பக்கத்தில் தானே நின்று உபசரிக்கிறான் அரசன்.

இந்த நாலு சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. கரையில் நுளைமகள், குடிசையில் எயிற்றியர், வயலூரில் உழவர் வீட்டுப் பெண். அரண்மனையை விட்டுவிட்டால், வழி நெடுகக் கிடைத்ததெல்லாம் யாரோ ஒருத்தியின் வீட்டுச் சமையல். நெய்தலில் மீன், பாலையில் புளிச்சோறு, மருதத்தில் அரிசிச் சோறு. நிலம் மாற மாறச் சுவை மாறுகிறது. காசு கொடுத்ததாகப் பேச்சே இல்லை. அன்றைய வெளிச் சாப்பாடு என்பது அடுத்த வீட்டுக் கதவு திறந்திருந்தது என்பதுதான்.

உப்பு மட்டும் இலவசமாகப் போகவில்லை. உமணர் என்ற வணிகர் எருதுகள் பூட்டிய வண்டி வரிசைகளில் அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். குடும்பத்தோடு போனார்கள். உமணரோடு வந்த மந்தி ஒன்று அவர்கள் பிள்ளை போலவே பழகி, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பையாக்கி உமணப் பிள்ளைகளோடு விளையாடுகிறதாம்; இதுவும் நத்தத்தனார் பாட்டில் வருவதுதான். நெல்லுக்குச் சரிக்குச் சரியாக உப்பு மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் வேறு சிலவும் சொல்கின்றன. ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு. இன்று எந்தக் கடைக்காரராவது இந்தக் கணக்குக்கு உடன்படுவாரா?

ஆனால் உப்புக்கு இதைவிடப் பெரிய விலை வைத்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லையில் உப்பு விளைந்தால் தன் விலை கெடுமே என்று 1818இல் ஓர் உடன்படிக்கை செய்து, ஆண்டுக்கு 4,000 வராகன் கொடுத்து, அங்கே உப்பெடுப்பதையே கம்பெனி நிறுத்திவைத்தது. கடல் அதே கடல், வெயில் அதே வெயில். வரப்பில் தானாகப் பூத்த உப்பை ஒரு கை அள்ளினால் குற்றம். 1882இன் உப்புச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. பணக்காரனும் ஏழையும் ஏறத்தாழ ஒரே அளவு உப்புத்தான் தின்கிறார்கள். ஆகவே உப்பு வரியில் ஏழையின் பங்குதான் கனமானது. காந்திஜி வேறு எத்தனையோ வரிகளை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். 1930 ஏப்ரல் 6ஆம் தேதி தண்டிக் கரையில் அவர் உப்பை அள்ளினார். ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் படை, 30ஆம் தேதி வேதாரண்யத்தில் சட்டத்தை மீறியது. மறு வருஷம் காந்தி – இர்வின் ஒப்பந்தத்தில், உப்பு விளையும் கரையோர கிராமத்தார் தங்கள் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இடம் கிடைத்தது. வரி முழுவதும் ஒழிந்தது 1947 ஏப்ரலில். உப்பில்லாமல் கீரை வேகவைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் அவசியத்தை ஒரு சர்க்காரே சட்டம் போட்டு உண்டாக்க முடியும் என்பதற்கு அந்த 142 வருஷங்கள் அத்தாட்சி.

வரி போயிற்று. பசி போயிற்றா?

ஓர் ஐப்பசியில் நானும் என் மனைவியும் மகள் குடும்பமுமாக அந்த வழியே போனோம். மரக்காணத்தில் வண்டியை நிறுத்தினோம். சாலையோரக் கீற்றுக் கொட்டகையில் நண்டு மசாலாவும் பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டோம். அந்த நண்டின் ருசியைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆமூர் நண்டுக்கு அது குறைந்ததல்ல என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் பேரன், "உப்பு எங்கே, தாத்தா?" என்று கேட்டான். உண்மைதான். பாத்திகள் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்தன. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. தூரத்தில் கீற்றுப் போட்டு மூடிய ஒன்றிரண்டு அம்பாரங்கள் மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

கொட்டகைக்கு அருகில் ஓர் அம்மாள் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். மழைக்கு இந்த வியாபாரம். என் மனைவி பேரம் பேசிக்கொண்டே, "உங்களுக்கென்ன, உப்புக்குப் பஞ்சமே இல்லை!" என்றாள் வேடிக்கையாக. அந்த அம்மாள் சிரித்தாள். "உப்பு கெடக்குதும்மா கூட கூடையா. அதப் போட்டுக் கொதிக்க வெக்கத்தான் மூணு மாசம் தேட வேண்டியிருக்கு" என்றாள். பேரம் அதோடு முடிந்தது. கேட்ட விலையை என் மனைவி கொடுத்தாள்.

உப்புத் தொழிலின் பஞ்சாங்கம் நம் சமையலறைப் பஞ்சாங்கத்துக்கு நேர் எதிரானது. தை, மாசியில் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். உவர்நீரை ஏற்றிப் பாத்திக்குப் பாத்தி மாற்றி விட்டு வெயிலில் சுண்டவைக்கிறார்கள். கடைசிப் பாத்தியில் உப்புப் பூத்ததும் பலகையால் வாரிச் சேர்க்கிறார்கள். நாம் விசிறியைத் தேடும் சித்திரையும் வைகாசியும் அவர்களுக்கு அறுவடைக் காலம். வெள்ளைத் தரையிலிருந்து அடிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும், உவர்நீர் காலைப் புண்ணாக்கும். நாம் கூதிருக்குக் காத்திருந்து வகை வகையாய்ச் சமைக்கும்போது அவர்களுக்கு வேலை நின்றுவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருமானம் இல்லாத இந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு 5,000. எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று இல்லத்தரசிகள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதே மழை, பக்கத்துக் கழுவெளி ஏரியை நிரப்புகிறது. தூர தேசத்துப் பறவைகள் அங்கே கூட்டமாக வந்து இரை தேடுகின்றன. 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். வந்த விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போடுவதில் மரக்காணம் இன்றும் பின்வாங்கவில்லை.

எல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். விருந்தாளிக்குத் தேறல் வடித்துக் கொடுத்த அதே கரையில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மீனவக் குப்பத்தார் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். வடித்தவள் முகம் தெரிந்து வாங்கிக் குடித்த காலத்துக்கும், யார் கலந்தது என்றே தெரியாமல் குடிக்கும் காலத்துக்கும் நடுவில் எவ்வளவோ தூரம்.

நாம் வெளியே சாப்பிடக் கற்றுக்கொண்ட கதையும் கதவுகளின் கதைதான். முன்பு வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் இருந்தன. யாருக்குச் சோறு, யார் எந்தப் பந்தி என்று அவற்றில் பல விதிகள். ரயில் வந்தது, ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் ஜாதி பார்த்து இடம் பிரித்தார்கள். அந்தப் பிரிவினை ஒழிந்தது 1941இல். ஓட்டல் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணியில் போராட்டம் நடந்தது. ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் பெண்கள் போவது வெகுநாள் வரை நாகரிகம் ஆகவில்லை. போனாலும் திரை போட்ட 'குடும்ப அறை'க்குள் ஒதுங்கிச் சாப்பிட வேண்டும். இன்று பாட்டி முதல் பேத்தி வரை ஒரே மேஜையில் உட்கார்ந்து, "எனக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று உரக்கக் கேட்க முடிகிறதென்றால், அது லேசில் வந்த சுகமில்லை. ஆகவே வீட்டுப் பெரியவர் முணுமுணுத்தாலும் நான் வெளியே போய்ச் சாப்பிடுகிறவர்கள் கட்சிதான்.

ஒரு விஷயத்தை மட்டும் நத்தத்தனார் பாட்டில் கவனிக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்ட கதையை அந்தப் பாணன் எப்போது சொல்கிறான்? கீரை வெந்த அன்று சொல்லவில்லை. வயிறார உண்டு, பரிசு பெற்று, யானையும் தேருமாகத் திரும்புகிற அன்று நடுவழியில் நின்று சொல்கிறான். எதிரே வருகிறவன் பசித்தவன் என்று தெரிந்ததும், வீட்டுப் பெண் ஊருக்கு மறைத்ததை அவன் திறந்துவிடுகிறான். பசி தீர்ந்தவனுக்குத்தான் தன் பசியைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச முடிகிறது. தீராதவர்கள் பேசுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஐப்பசியில் மரக்காணம் பக்கம் போனால் பல வீடுகளில் கதவு சாத்தித்தான் இருக்கும். சாரலுக்காகச் சாத்தியதா, வேறு காரணமா என்று சாலையில் போகிற நமக்குத் தெரியாது.